ஒரு டன் புகை என்ன விலை?

2004-ல் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர் யூர்கன் ட்ரிட்டின், பசுமைக் கட்சிக்காரர். காற்றாலைக்கும் சோலாருக்கும் கூடுதல் விலை கொடுத்தால் கரன்ட் பில் ஏறிவிடாதா என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். சராசரிக் குடும்பத்துக்கு மாதம் ஒரு யூரோதான் ஆகும், ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வாங்குகிற காசு. பாவம், அந்த ஐஸ்கிரீம் அவரை இன்றுவரை விடவில்லை. 2017-ல் அந்தக் கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 6.88 சென்ட் ஆகிவிட்டது. வருடத்துக்கு 3,500 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 240 யூரோ, அதாவது மாதம் 20 யூரோ. விற்பனை வரி தனி.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. 2004-ன் கணக்குக்கு அது சரியாகத்தான் இருந்தது. பதின்மூன்று வருடத்தில் ஒன்று இருபதானது எப்படி, அந்தக் காசுக்கு எவ்வளவு புகை குறைந்தது, நம் ஊரில் இதே கதை எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஜெர்மானியர்கள் செய்த ஏற்பாடு. 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் ரொம்ப எளிமையானது. நீங்கள் கூரையில் பேனல் போடுங்கள், வயலில் காற்றாலை நிறுத்துங்கள், மாட்டுச் சாணத்தில் எரிவாயு எடுத்துக் கரன்ட் செய்யுங்கள். எதுவானாலும் மின்தொகுப்பு வைத்திருக்கும் நிறுவனம் அதை வாங்கியே ஆக வேண்டும். சட்டத்தில் எழுதிய விலையில், 20 வருடத்துக்கு. சந்தை விலைக்கும் இந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லா நுகர்வோரும் பில்லில் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். அரசுப் பணம் ஒரு சென்ட்கூட இல்லை. விவசாயிகளும் பள்ளி ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் பேங்க்கில் கடன் வாங்கி பேனல் போட்டார்கள். 20 வருடம் வருமானம் உறுதி என்றால் எந்த பேங்க் மேனேஜர் கடன் தர மாட்டார்?

இனி கணக்கு. மேலே ஒரு எண், கீழே ஒரு எண். சாதாரணக் கரன்ட்டைவிட இதற்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்பது மேலே. இதனால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளிவராமல் நின்றது என்பது கீழே. 2009-ல் ஜெர்மனியில் வீட்டுக் கூரை சோலாருக்குக் கொடுத்த விலை யூனிட்டுக்கு 43 சென்ட். மொத்தச் சந்தையில் கரன்ட் ஏறக்குறைய 5 சென்ட்டுக்குக் கிடைத்தது. கூடுதல் 38 சென்ட். நிலக்கரியும் எரிவாயுவும் கலந்த மின்சாரத்தை சோலார் விலக்கியது என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் புகையைத் தவிர்க்க சுமார் 1,500 யூனிட் வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: டன்னுக்கு 570 யூரோ. அதே வருடம் காற்றாலைக்குக் கொடுத்தது 9.2 சென்ட். கூடுதல் 4 சென்ட் சொச்சம்தான், டன்னுக்கு 60 யூரோ பக்கம். ஒரே சட்டம், ஒரே வருடம், ஒரே டன். விலை மட்டும் ஒன்பது மடங்கு வித்தியாசம். ஐரோப்பியச் சந்தையில் ஒரு டன் கார்பனை வெளியிடும் உரிமமே அப்போது 13, 14 யூரோவுக்குக் கிடைத்தது.

பொருளாதார நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வெயிலும் அங்கே பெரிதாக இல்லை. ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்கு 900 முதல் 1,000 யூனிட் கொடுத்தாலே அங்கே திருப்தி. நம் தென் மாவட்டங்களில் 1,400-க்குக் குறையாது.

இதைவிட மோசமான கேள்வி ஒன்று உண்டு. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்நிலையங்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் புகைக்கான உரிமங்களை ஒரு மொத்த அளவுக்குள் விடுகிறது. ரேஷன் டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு மொத்தம் நூறு டோக்கன். ஒரு வீட்டில் சோலார் அடுப்பு வாங்கிவிட்டார்கள், அவர்களுக்கு மண்ணெண்ணெய் டோக்கன் தேவையில்லை. என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டுக்கு விற்பார்கள். தெருவில் எரியும் மண்ணெண்ணெய் அதே அளவுதான். ஜெர்மனியில் சோலார் வந்ததால் நின்ற நிலக்கரி நிலையத்தின் உரிமம் போலந்திலோ செக் நாட்டிலோ பயன்படலாம். அப்படிப் பார்த்தால் 570 யூரோ கொடுத்து ஜெர்மானியர் வாங்கியது ஒரு டன்கூட இல்லை. 2013 வாக்கில் உரிமத்தின் விலை 5 யூரோவுக்கும் கீழே போனது. பொருளாதார மந்தம் முக்கியக் காரணம், மானியக் கரன்ட்டும் கொஞ்சம் அமுக்கியது. 2019 முதல் மிச்ச உரிமங்களைச் சந்தையிலிருந்து எடுத்து ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு வந்த பிறகுதான் இந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. விலையும் ஏறி, 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்டது.

அணு மின்சாரம் வேறு குறுக்கே வந்தது. 2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு எட்டு உலைகளை மூடினார்கள். கடைசி மூன்றும் 2023 ஏப்ரலில் நின்றன. அந்த உலைகள் விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு காற்றாலை யூனிட்டும் நிலக்கரியை விலக்கவில்லை, புகையில்லாத இன்னொரு யூனிட்டை விலக்கியது. கணக்கில் கீழே போடும் எண் சுருங்கினால் டன்னின் விலை தானாக ஏறும். காற்றாலை மேல் பழி போட முடியாது, ஆனால் பில் கட்டினவருக்கு அது என்ன ஆறுதல்?

இங்கேயே நிறுத்தினால் இது ஒரு வீண் செலவுக் கதை. நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் பேனலின் விலை.

சோலார் பேனலுக்கு ஒரு குணம் உண்டு. உலகில் மொத்தம் போட்ட பேனலின் அளவு இரட்டிப்பாகும்போதெல்லாம் விலை ஏறக்குறைய 20 சதவீதம் விழும். பல பத்தாண்டுகளாக இது பெரிதாகப் பிசகவில்லை. 2000-ல் உலகம் முழுக்க இருந்தது 1,300 மெகாவாட் அளவு. 2010-ல் அது 40,000 மெகாவாட். ஐந்து இரட்டிப்பு. 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.33 வரும், மூன்றில் ஒரு பங்கு விலை. அந்த 40,000 மெகாவாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஜெர்மனி என்ற ஒரே நாட்டில் இருந்தது. வெயில் குறைந்த அந்த நாடுதான் உலகத்துக்கே பேனல் விலையைக் குறைத்துக் கொடுத்தது. 2008-ல் வாட்டுக்கு 4 டாலர் பக்கம் இருந்த பேனல் 2012-ல் 1 டாலருக்குக் கீழே வந்தது.

இதனால் ஜெர்மன் தொழிற்சாலைகள் செழித்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய சோலார் செல் தயாரிப்பாளராக இருந்த க்யூ-செல்ஸ் 2012-ல் திவாலாகி ஒரு கொரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜெர்மானியர் கட்டிய காசை நம்பி ஆலை கட்டி, அவர்களைவிடச் சல்லிசாகச் செய்து, அவர்களுக்கே விற்றது சீனா. உள்ளூர் வேலைவாய்ப்பு என்று மேடையில் பேசியவர்களுக்கு இது கசப்பான முடிவு. புகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், பேனல் எந்த ஊரில் செய்யப்பட்டது என்பது பெரிய விஷயமில்லை.

570 யூரோவை எதில் எழுதுவது? ஒரு டன் புகையின் விலையாகவா, வருங்காலப் பேனலுக்குக் கட்டிய முன்பணமாகவா? இரண்டாவதுதான் சரி என்பது என் கருத்து. அதற்காக ஜெர்மனி செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. பேனல் விலை சரிந்துகொண்டிருக்கும்போது சட்டத்தில் எழுதிய விலை அதே வேகத்தில் இறங்கவில்லை. அங்கேதான் பெரிய பணம் போனது.

எப்படி என்று பாருங்கள். சட்டம் விலையை வருடத்துக்கு ஒரு முறை, பிறகு அவசரத்துக்கு இடையில் ஒன்றிரண்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. பேனல் விலையோ மாதா மாதம் விழுந்தது. நடுவில் இருந்த இடைவெளி முழுக்க லாபம். ஒவ்வொரு முறையும் விலை குறையப் போகிறது என்ற தேதி வந்தவுடன், அதற்கு முன்னால் பேனலை மாட்டிவிட ஒரே ஓட்டம். 2011 டிசம்பர் ஒரே மாதத்தில் சுமார் 3,000 மெகாவாட் இணைக்கப்பட்டது, பனிக்காலத்தில்! 2010 முதல் 2012 வரை மூன்று வருடத்தில் 22,000 மெகாவாட்டுக்கு மேல். அத்தனைக்கும் 20 வருட உத்தரவாதம். 2010-ல் 2.05 சென்ட்டாக இருந்த கூடுதல் கட்டணம் 2014-ல் 6.24 ஆனது இதனால்தான். 2011-ல் போட்ட பேனலுக்கு ஜெர்மனி 2031 வரை பழைய விலையைக் கட்டும். மாதா மாதம் விலையைக் குறைக்கும் முறை 2012-ல்தான் வந்தது. இரண்டு வருடம் முன்னால் அதைச் செய்திருந்தால் ஐஸ்கிரீம் கொஞ்சம் சின்னதாகவே இருந்திருக்கும்.

இன்னொரு விசித்திரம். மதியத்தில் சோலார் கொட்டினால் சந்தை விலை விழும். சந்தை விலை விழுந்தால், அதற்கும் உத்தரவாத விலைக்கும் உள்ள வித்தியாசம் பெருகும். பில்லில் கூடுதல் கட்டணம் ஏறும். நாட்டுக்குச் செலவு கூடாமலே பில்லில் செலவு கூடியதாகத் தெரியும். போதாக்குறைக்கு, போட்டியில் தோற்றுவிடுவார்கள் என்று சொல்லி இரும்பு, அலுமினியம், ரசாயனம் செய்யும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இந்தக் கட்டணத்தில் பெரும் பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். அவர்கள் கட்டாததை யார் கட்டுவது? வாடகை வீட்டில் இருப்பவர். கூரை அவருக்குச் சொந்தமில்லை, பேனல் போட முடியாது, கட்டணம் மட்டும் முழுசாக உண்டு. கடைசியில் 2022 ஜூலையில் இந்தக் கட்டணத்தைப் பில்லிலிருந்து எடுத்துவிட்டு அரசுக் கஜானாவில் சேர்த்தார்கள். 2024-ல் கஜானாவிலிருந்து போனது 1,800 கோடி யூரோவுக்கு மேல்.

ஸ்பெயின் வேறு வழியில் போனது. அங்கேயும் 2007-ல் தாராளமான விலை அறிவித்தார்கள். 2008 ஒரே வருடத்தில் 2,600 மெகாவாட் வந்து குவிந்தது. கரன்ட் விலையை ஏற்றினால் ஓட்டு போய்விடும் என்று வித்தியாசத்தைக் கடனாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். கடன் 2,500 கோடி யூரோவைத் தாண்டியதும், கொடுத்த வாக்கையே பின்தேதியிட்டு மாற்றினார்கள். முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள், இன்னும் முழுசாக முடியவில்லை. ஜெர்மனி வாக்கைக் காப்பாற்றி அதிகம் கட்டியது. ஸ்பெயின் வாக்கை உடைத்து நம்பிக்கையை இழந்தது. நம்பிக்கை போனால் அடுத்த திட்டத்துக்கு பேங்க் கேட்கும் வட்டி ஏறும். வெயிலுக்கும் காற்றுக்கும் காசு கிடையாது என்பதால் சோலாரிலும் காற்றாலையிலும் செலவே முதலும் வட்டியும்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

ஜெர்மனி விலையைக் குறைத்துக் கொடுத்த பேனல் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை ஏல விலைகளில் பார்க்கலாம். இந்தியாவில் தேசிய சோலார் இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கியது. அப்போது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணித்த விலை யூனிட்டுக்கு 17.91 ரூபாய். முதல் ஏலத்தில் சராசரி 12 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கியது. 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. பத்து வருடத்தில் நிலக்கரியைவிடச் சல்லிசு.

தமிழ்நாடு இந்த இறக்கத்தின் நடுவில் ஒரு பாடம் படித்தது. தண்ணியில்லாக் காடு என்று அரசு ஊழியர்களை மாற்றல் போட்டுப் பயமுறுத்தும் ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதிக்குப் பக்கத்தில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-ல் வந்தது. ஒரே இடத்தில் இருப்பதில் உலகிலேயே பெரியது என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள். மின்வாரியம் கொடுக்க ஒப்புக்கொண்டது யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 25 வருடத்துக்கு. இந்த விலையை மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2014 செப்டம்பரில் நிர்ணயித்திருந்தது. நிலையம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத 2017-ல், தமிழ்நாடே நடத்திய ஏலத்தில் வந்த விலை 3.47. சரிபாதி.

இதையும் டன் கணக்கில் போடலாம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சராசரி 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. ஒரு டன்னுக்கு 1,400 யூனிட் என்று வையுங்கள். மாற்றுக் கரன்ட் 4 ரூபாய் என்றால் கமுதி விலையில் கூடுதல் 3 ரூபாய், டன்னுக்கு 4,200 ரூபாய். 3.47 ரூபாய் விலையில் டன்னுக்கு ஒன்றும் செலவில்லை, மிச்சம்தான். ஆனால் அவசரப்பட்டு யாரையும் திட்டிவிட வேண்டாம். 2012, 2013-ல் தமிழ்நாட்டில் எத்தனை மணி நேரம் கரன்ட் போனது என்பது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடங்களில் வாரியம் தனியாரிடம் 5 ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்கியது. ஊரே இன்வெர்ட்டரும் டீசல் ஜெனரேட்டரும் ஓட்டியது. 2013-ன் கண்ணால் பார்த்தால் 7.01 அவ்வளவு கொடுமையாகத் தெரியாது. ஜெர்மனியில் நடந்ததேதான் இங்கும். விலை வேகமாக விழும் பொருளுக்கு ஆணையம் உட்கார்ந்து விலை எழுதி, அதைப் பல மாதம் கழித்து வருபவருக்கும் பல வருடத்துக்கு எழுதிக் கொடுப்பது. ஏலம் அந்தத் தவறைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு மாடி. பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் போட்டோம். மாடியில் துணி காயப்போடும் கம்பியைத் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றியதில் வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கியது தனிக்கதை. நாளைக்குச் சராசரி 12 யூனிட், வருடத்துக்கு 4,300 பக்கம். கார்பன் கணக்கில் வருடம் 3 டன். 25 வருடத்தில் பேனல் கொஞ்சம் களைத்துப் போவதையும் கழித்தால் 70 டன். 78,000-ஐ 70-ஆல் வகுத்தால் டன்னுக்கு 1,100 ரூபாய் சொச்சம், இன்றைய மதிப்பில் 11 யூரோ. 2009-ல் ஒரு ஜெர்மானியர் கட்டியதில் ஐம்பதில் ஒரு பங்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நேர்மைக் கேள்வி ஒளிந்திருக்கிறது. மானியம் இல்லாவிட்டாலும் நாங்கள் போட்டிருப்போமா? உண்மையைச் சொன்னால், அநேகமாகப் போட்டிருப்போம். ஏசி வந்த பிறகு எங்கள் பில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. 500 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். அந்தப் பில்லே போதும், மனுஷனை மாடிக்கு ஏற்றிவிடும். மானியம் வாங்கியவர்களில் பாதிப்பேர் எங்களைப் போல எப்படியும் போட்டிருப்பவர்கள் என்றால், அரசு வாங்கிய உண்மையான டன் பாதிதான். டன்னின் விலை 2,200. கொடுக்கிற கைக்கு யார் எப்படியும் வாங்கியிருப்பார், யார் மானியத்துக்காக வந்தார் என்று தெரியாது. எந்த ஊர் மானியத்துக்கும் இந்த நோய் உண்டு.

ரீடிங் எடுக்க வந்தவர் இன்னொரு கணக்கைச் சொன்னார். மீட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், பில்லு கிட்டத்தட்ட ஜீரோ. சந்தோஷமா இருங்க. ஆனா உங்கள மாதிரி எழுநூறு யூனிட் ஓட்டுறவங்க எல்லாரும் மாடிக்குப் போயிட்டா நாங்க யார்கிட்ட சார் காசு வாங்குறது? நூறு யூனிட் ஃப்ரீ ஓட்டுறவர்கிட்டயா?"

அவர் சொன்னது வேடிக்கை இல்லை. நம் கட்டணமே ஒரு ஏணி. மேல்படியில் இருப்பவர் கூடக் கொடுத்து, கீழ்ப்படியில் இருப்பவருக்குக் குறைகிறது. சோலார் போட வசதியும் சொந்த மாடியும் இருப்பவர் மேல்படிக்காரர். அவர் இறங்கிப்போனால் வாரியத்தின் நல்ல வாடிக்கையாளர் போய்விட்டார். ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்கு வெயில் போனதும் ஏசியைப் போட்டுக்கொண்டு அதே வாரியத்திடம்தான் நிற்போம். கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், ராத்திரிக்கு நிற்க வேண்டிய அனல்மின் நிலையம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இந்தச் செலவு என்னுடைய 78,000 கணக்கில் எங்கேயும் வரவில்லை. ஜெர்மனியின் வாடகை வீட்டுக்காரர் நிலைமையும் எங்கள் தெருக்கோடியில் மாடி வீடு இல்லாதவர் நிலைமையும் ஒன்றுதான்.

மானியம் கொடுப்பதற்குப் பதில் புகைக்கே விலை போட்டால் என்ன என்று கேட்கலாம். பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் அதுதான் சிறந்த வழி. யார் எங்கே சல்லிசாகக் குறைக்க முடியுமோ அவர் குறைப்பார், எப்படியும் செய்திருப்பவருக்குக் காசு போகாது. இந்தியா இதைக் கொஞ்சம் செய்தும் பார்த்தது. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டு, 2016-ல் 400 ஆக்கினார்கள். ஒரு டன் இந்திய நிலக்கரியை எரித்தால் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, ஒரு டன் புகைக்கு 270 ரூபாய் அளவு. தூய ஆற்றலுக்கென்று வசூலித்த காசு 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் செஸ்ஸாக மாறியது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். புகைக்கு விலை போடுவது அரசியல்வாதிக்கு ஏன் பிடிப்பதில்லை என்பது புரியக்கூடியதுதான். வரி என்றால் எல்லோருக்கும் தெரியும், மானியம் என்றால் வாங்குபவருக்கு மட்டும் தெரியும்.

மானியத்தைத்தான் கொடுக்கப் போகிறோம் என்றால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். இதற்கு ஆரல்வாய்மொழியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக அரபிக்கடல் காற்று சீறிக்கொண்டு வரும் இடம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்தப் பக்கத்தில் பாதி நிஜம். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் அரசு சோதனைக்குக் காற்றாலைகளை நிறுத்தியது. தொண்ணூறுகளில் முப்பந்தல், கயத்தாறு, அந்தப் பக்கம் பல்லடம், உடுமலை என்று காடு மாதிரி முளைத்தன. ஊர்க்காரர்கள் காத்தாடி என்பார்கள். 2012-ல் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 7,000 மெகாவாட்டைத் தொட்டிருந்தது.

இவற்றை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் கோவை, திருப்பூர், ராஜபாளையம் மில்காரர்கள். யோசனை சொன்னவர் பல வீடுகளில் ஆடிட்டர். காரணம், துரிதத் தேய்மானம் என்ற வருமான வரிச் சலுகை. தொண்ணூறுகளில் காற்றாலையின் விலை முழுவதையும் முதல் வருடமே லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பிறகு அது 80 சதவீதம் ஆனது. 5 கோடி ரூபாய்க் காற்றாலைக்கு 4 கோடியை அந்த வருட லாபத்திலிருந்து கழித்தால், வரியில் மட்டும் 1.2 கோடிக்கு மேல் கையில் நிற்கும். முழுக்க இனாம் இல்லைதான். பின்னால் கழிக்க வேண்டியதை முன்னாலேயே கழிக்கிறோம், வட்டியில்லாக் கடன் மாதிரி. ஆனால் நல்ல லாபம் வந்த வருடத்தில் மில் முதலாளிக்கு இதைவிட இனிப்பான யோசனை கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம். சொத்து அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் தேய்மானம் பாதிதான். அதனால் செப்டம்பர் முடிவதற்குள் காத்தாடி சுற்றியாக வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. காற்று அடங்கும் நேரத்தில் அடித்துப் பிடித்து இயந்திரத்தை இணைத்துவிட்டு, அடுத்த வைகாசி வரை மூச்சுவிடாமல் நின்றாலும் வரிச்சலுகை முழுசு. இயந்திரம் நின்றதற்குக் காசு, சுற்றியதற்கு இல்லை. பிறகு எந்த மில்காரர் காற்றை அளந்து பார்த்து இடம் தேடுவார்? ஜெர்மனி எவ்வளவு தவறு செய்திருந்தாலும் இந்தத் தவறைச் செய்யவில்லை. அங்கே யூனிட் வந்தால்தான் காசு. இங்கே 2009-ல் யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்று மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது சரியான திசைதான். துரிதத் தேய்மானம் 2012-ல் நின்று, 2014-ல் திரும்பி வந்து, 2017-ல் 40 சதவீதமாகச் சுருங்கியது.

அந்தக் காலத்து இயந்திரங்கள் 225, 250 கிலோவாட். இன்று வருவது 3 மெகாவாட்டுக்கு மேல், பன்னிரண்டு பழைய காத்தாடிக்குச் சமம், உயரத்திலும் அதிகக் காற்றைப் பிடிக்கும். நாட்டிலேயே நல்ல காற்று அடிக்கும் இடங்களில் முப்பந்தலும் ஒன்று. முதலில் வந்தவர்கள் என்பதால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தச் சின்ன இயந்திரங்கள். இவற்றை எடுத்துவிட்டுப் பெரியதை நிறுத்த மத்திய அரசு 2016-ல் ஒரு கொள்கை போட்டது, தமிழ்நாடு 2024-ல் ஒன்று போட்டது. உரிமையாளர் பக்கத்திலிருந்து பாருங்கள். கடன் எப்போதோ அடைந்துவிட்டது, தேய்மானம் எப்போதோ கழித்தாகிவிட்டது. சீசனில் வரும் யூனிட்டை வாரியத்திடம் சேமித்து வைத்து மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு கையில் இருக்கிறது. புது இயந்திரத்துக்குப் புதுக் கடன், புது ஒப்பந்தம், பக்கத்து நிலத்துக்காரருடன் இறக்கை இடைவெளித் தகராறு. அவர் ஏன் அசைய வேண்டும்? ஆடி மாதம் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனால் அந்தக் கணவாயில் நிற்பவற்றைப் பார்க்கலாம். நல்ல காற்றில், சின்ன இறக்கைகளோடு, படபடவென்று சுற்றிக்கொண்டிருக்கும்.